நட்ட உயிரணு மூளையில் வேர் பிடித்ததை எப்படி அறிவது?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காலைக் கூட்டம் சற்றுக் குறைந்திருந்த நேரம். எங்கள் புளோக்கில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். அவருடைய மனைவிக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டுச் சிகிச்சை நிலையம் ஒன்று ஸ்டெம் செல் ஊசியால் மூளையைப் புதுப்பித்துத் தருவதாக அதில் அறிவித்திருந்தது. கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிரும் உயிரணுக்களின் படம் ஒன்றும் இருந்தது. "ஏம்மா, நீ லேப்ல இந்த வேலைதானே பாக்குற? உள்ள வச்சா அது தானா ஒட்டிக்கும்ல?" என்று கேட்டார்.

மூளைத் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது என் அன்றாட வேலை. ஆயினும் அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 'ஒட்டிக்கொள்வது' என்னும் ஒரு சொல்லுக்குள் நான்கு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. வைத்த உயிரணு பிழைத்ததா? பிழைத்தது நரம்பணுவாக மாறியதா? மாறியது மூளையின் மற்ற நரம்பணுக்களோடு இணைந்ததா? இணைந்ததால் நோயாளிக்குப் பயன் உண்டா? முதல் கேள்விக்குக் கிடைத்த சான்றை நான்காவது கேள்விக்கான விடையாகக் காட்டுவது விளம்பரங்களில் மட்டுமன்றிச் செய்திகளிலும் நடக்கிறது. அந்த நான்கையும் பிரித்துக் காட்டவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

விதையும் நாற்றும்

குருத்தணு என்பது இன்னும் தனக்கென ஒரு தொழிலை ஏற்காத உயிரணு. ஸ்டெம் செல் என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான். அது தன்னைப் போன்றவற்றைப் பெருக்கிக்கொள்ளும். தக்க தூண்டல் கிடைத்தால் தசையாகவோ நரம்பாகவோ வேறொன்றாகவோ மாறும். இத்துறையின் வரலாற்றில் சிங்கப்பூருக்கும் இடம் உண்டு. இலங்கையில் பிறந்து இங்கே பணியாற்றிய அரிஃப் பொங்சோ, 1994இல் மனிதக் கருவின் மிகத் தொடக்க நிலையிலிருந்து இத்தகைய உயிரணுக்களைப் பிரித்தெடுத்துச் சிறிது காலம் வளர்த்துக் காட்டினார். அவற்றைத் தொடர்ந்து வளர்த்துக்கொண்டே போகும் வழியை 1998இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் குழு கண்டது. ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006இல் எலியின் உயிரணுக்களையும், 2007இல் மனித உயிரணுக்களையும், நான்கு மரபணுக்களின் துணையோடு குருத்தணு நிலைக்குத் திருப்பினார். அதற்காக 2012இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதன் பிறகு கருவை நாடாமலே, வளர்ந்த ஒருவரின் தோலிலிருந்தோ இரத்தத்திலிருந்தோ குருத்தணுக்களை உருவாக்க முடிந்தது.

ஆனால் முறையான ஆய்வுகளில் பார்க்கின்சன் நோயாளியின் மூளைக்குள் வைக்கப்படுவது குருத்தணு அன்று. பலர் அறியாத செய்தி இது. குருத்தணுவை அப்படியே வைத்தால் அது கட்டுப்பாடின்றிப் பெருகிக் கட்டியாகிவிடக்கூடும். முழுதாக வளர்ந்த நரம்பணுவை வைக்கலாம் என்றால், அதற்குள் அது நீண்ட கிளைகளை விட்டிருக்கும். வளர்ப்புத் தட்டிலிருந்து பெயர்த்தெடுக்கும்போதே அவை அறுந்து அது இறந்துபோகும். எனவே, பல வாரங்கள் பக்குவப்படுத்தி, நரம்பணுவாகும் பாதையில் பாதித் தொலைவு வந்துவிட்ட இளம் உயிரணுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்கு முன்னோடி உயிரணு என்று பெயர். வயலில் விதையையும் நடுவதில்லை, கதிர் விட்ட பயிரையும் நடுவதில்லை. நாற்றங்காலில் உரிய நாள்வரை வளர்ந்த நாற்றைத்தான் பிடுங்கி நடுகிறோம். ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் விளைச்சல் கெடும் என்பதை உழவர் அறிவர். ஆய்வுக்கூடத்திலும் கதை அதுதான்.

நிலையம் இருந்தும் ரயில் நிற்காத எட்டு ஆண்டுகள்

நாற்று உவமை இதுவரைதான் துணை வரும். வயலில் ஒரு நாற்று பிழைத்துவிட்டால் கதிர் தரும். பக்கத்து நாற்றோடு அதற்குப் பேச்சு வேண்டியதில்லை. மூளை அப்படிப்பட்டதன்று. அங்கே ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருக்கின்றன. நரம்பணு என்பது மின்துடிப்பாகச் செய்தியைப் பெற்று அனுப்பும் உயிரணு. அது செய்தியை அனுப்பும் நீண்ட இழைக்கு ஆக்ஸான் என்றும், அந்த இழை அடுத்த உயிரணுவைச் சந்தித்து வேதிப்பொருள் வழியே செய்தியைக் கைமாற்றும் இடத்துக்குச் சினாப்ஸ் என்றும் பெயர்.

இதை விளக்க நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. வடகிழக்கு எம்ஆர்டி ரயில் பாதை 2003 ஜூன் 20இல் திறக்கப்பட்டபோது, பொத்தோங் பாசிருக்கும் சிராங்கூனுக்கும் இடையில் உட்லீ நிலையமும் கட்டி முடிக்கப்பட்டிருந்தது. தண்டவாளம் அதன் ஊடாகத்தான் சென்றது. ஆனாலும் 2011 ஜூன் 20 வரை ரயில்கள் அங்கே நிற்காமல் கடந்து சென்றன. மேலே நின்று பார்த்தவருக்கு நிலையம் கண்ணுக்குத் தெரிந்தது. பயணிக்கு அது இல்லாததற்குச் சமம். மூளைக்குள் வைத்த உயிரணுவும் இப்படி இருக்கலாம். அது உயிரோடிருக்கும், நரம்பணுவின் வடிவமும் பெற்றிருக்கும், பக்கத்தில் ஆக்ஸான்களும் செல்லும். ஆனால் யாரும் அதனிடம் எதையும் சொல்லவில்லை, அதுவும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்றால் அது இணையவில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: நடப்படுவது பாதி பக்குவப்பட்ட முன்னோடி உயிரணு. அது பிழைப்பது வேறு, நரம்பணு ஆவது வேறு, சினாப்ஸ் வழியே செய்தி பெற்று அனுப்பும் அங்கமாக இணைவது வேறு.

முதல் நாள்களின் இழப்பு

உயிரணுக்களை மெல்லிய ஊசியால் மூளையின் குறித்த புள்ளியில் இறக்குகிறார்கள். அங்கே அவற்றுக்கென இரத்தக் குழாய் இல்லை. ஊசி சென்ற தடத்தில் சிறு காயம் இருக்கும். காயத்தைக் கண்டவுடன் மூளையின் காவல் உயிரணுக்களான மைக்ரோகிளியாக்கள் விரைந்து வரும். இந்த நெருக்கடியில், வைத்த உயிரணுக்களில் பெரும்பாலானவை முதல் சில நாள்களிலேயே இறந்துவிடுகின்றன. மனிதக் கருவின் திசுவிலிருந்து எடுத்து வைத்த டோபமின் நரம்பணுக்களில் (உடலசைவைச் சீராக்கும் டோபமின் என்னும் வேதிப்பொருளை வழங்குபவை இவை) நூற்றுக்கு ஐந்து முதல் இருபதே எஞ்சும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்ட கணக்கு. எஞ்சியவையும் அவசரப்படுவதில்லை. ஆய்வுக்காக எலியின் மூளைக்குள் வைத்தாலும் மனித நரம்பணு மனிதக் கடிகாரப்படியே முதிர்கிறது. எனவே ஒரு பரிசோதனையின் விடைக்கு ஆறு மாதங்கள் காத்திருப்பது எங்களுக்கு வழக்கம். ஊசி போட்ட மறுவாரமே முன்னேற்றம் என்று யாராவது சொன்னால், அது புதிய நரம்பணுக்களின் வேலையாக இருக்க வழியே இல்லை.

பச்சை இழையும் அதன் பொய்களும்

இனி என் மேசைக்கு வருவோம். ஒரு சீவலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. நாம் எழுதும் தாளின் தடிமனில் பாதிகூட இல்லை. உப்புக் கரைசலில் அது கரையாத பால் ஏடு போல மிதக்கும். ஓவியர் வைத்திருப்பது போன்ற மென்தூரிகையால் அதை ஏந்தி, ஒரு கிண்ணத்திலிருந்து அடுத்த கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். கை சற்று அதிர்ந்தாலும் மடிந்து கிழிந்துவிடும். பிறகு, மனித உயிரணுவில் மட்டும் உள்ள புரதத்தைத் தேடிப் பற்றும் எதிர்ப்புரதத்தைச் சேர்க்கிறோம். அதில் ஒளிரும் சாயம் கட்டப்பட்டிருக்கும். அல்லது, ஜெல்லிமீனில் கண்டறியப்பட்ட பச்சை ஒளிர்புரதத்தின் மரபணுவை உயிரணுவுக்குள் முன்கூட்டியே புகுத்தியிருப்பார்கள். விளக்கை அணைத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது, இருண்ட எலி மூளைக்குள் மனித உயிரணு மட்டும் பச்சையாக ஒளிர்கிறது. அதிலிருந்து புறப்பட்ட ஒற்றை ஆக்ஸான், நூலில் முடிச்சிட்டது போன்ற சிறு புடைப்புகளோடு சீவலின் விளிம்புவரை ஓடுவதை முதன்முறை கண்ட நாளில் நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அந்த அழகுதான் ஆபத்தும். பச்சையாக ஒளிர்வதெல்லாம் நாம் வைத்த உயிரணுவா? இத்துறை இந்தக் கேள்வியில் ஒரு முறைக்கு மேல் தடுமாறியிருக்கிறது.

2000ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள், எலும்பு மஜ்ஜையின் உயிரணுக்கள் எலியின் மூளைக்குச் சென்று நரம்பணுக்களின் அடையாளங்களைப் பெற்றதாக அறிவித்தன. உலகமே மகிழ்ந்தது. ஆனால் 2002இலும் 2003இலும் வெளியான ஆய்வுகள் வேறொரு காரணத்தைக் காட்டின. குறியிடப்பட்ட உயிரணு நரம்பணுவாக மாறியிராமல், ஏற்கெனவே அங்கிருந்த நரம்பணுவோடு இரண்டறக் கலந்திருக்கலாம். அப்படிக் கலந்த உயிரணுவும் ஒளிரும், நரம்பணு வடிவத்தில்தான் இருக்கும், ஆனால் அது புதிய நரம்பணு அன்று. 'எலும்பு மஜ்ஜையிலிருந்து மூளை' என்னும் பழைய நம்பிக்கை இன்றும் விளம்பரங்களில் உயிரோடிருக்கிறது. அதன் அடித்தளம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆட்டம் கண்டுவிட்டது என்பது அங்கே சொல்லப்படுவதில்லை.

விழித்திரை மூளையின் நீட்சியே என்பதால் அங்கே நடந்ததும் நமக்குப் பாடமாகும். 2006இல், இளம் ஒளி உணர் உயிரணுக்களை எலியின் விழித்திரைக்குள் வைத்தபோது அவை இணைந்துவிட்டதாக ஓர் ஆய்வு காட்டியது. பத்து ஆண்டுகள் பலர் அதன்மேல் ஆய்வுகளைக் கட்டினார்கள். 2016இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள், அவ்வாறு ஒளிர்ந்தவற்றில் பெரும்பாலானவை எலியின் சொந்த உயிரணுக்களே என்று கண்டன. வைக்கப்பட்ட உயிரணுக்கள் விழித்திரைக்குள் நுழையாமல் அருகிலேயே தங்கி, தம் புரதங்களைப் பக்கத்து உயிரணுக்களுக்குக் கைமாற்றியிருந்தன. முன்பு இணைவை அறிவித்தவர்களில் சிலரே இந்தத் திருத்தத்தையும் வெளியிட்டார்கள். தாம் கட்டியதைத் தாமே இடித்துப் பார்த்த அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இவை தவிர எளிய பொய் ஒன்றும் உண்டு. இறந்த உயிரணுவிலிருந்து கசிந்த சாயத்தை மைக்ரோகிளியா விழுங்கினால், அதுவும் ஒளிரும். அதனால்தான் இன்று ஓர் உயிரணு தாம் வைத்ததுதான் என்று ஆய்வாளர்கள் நிறுவ ஒரே ஒரு குறி போதாது. உட்கருவில் மனிதப் புரதம் உண்டா, எலியின் மரபணுப் பொருள் உள்ளே இல்லாமல் இருக்கிறதா என்றெல்லாம் தனித்தனியே சோதிக்கிறார்கள்.

சுருக்கமாக: ஒளிரும் படம் ஓர் ஊகத்துக்கு இடம்தரும் சான்று மட்டுமே. கலந்துபோதல், புரதக் கைமாற்றம், சாயக் கசிவு ஆகிய மூன்றையும் விலக்கிய பிறகே 'இது நாம் வைத்த உயிரணு' என்று சொல்லலாம். அது இணைந்ததா என்னும் கேள்வி அதற்கும் பிறகுதான் தொடங்குகிறது.

யார் யாரை அழைக்கிறார்கள்?

இணைப்பைக் கண்டறிய ஆய்வாளர்கள் கையிலெடுத்த கருவி வெறிநாய்க்கடி வைரஸ். இந்த வைரஸ் சினாப்ஸ் வழியே பின்னோக்கித் தாவும். அதாவது செய்தியைப் பெற்ற நரம்பணுவிலிருந்து அதை அனுப்பிய நரம்பணுவுக்குச் செல்லும். நோயில் அது உயிரைப் பறிக்கும் தன்மை. ஆய்வுக்கூடத்தில் அதுவே 'உன்னை யார் அழைத்தது' என்று கேட்டு அறியும் வழி.

அப்படியே விட்டால் அது மூளை முழுவதும் பரவிவிடும். எனவே, அது தாவுவதற்குத் தேவையான உறைப்புரதத்தின் மரபணுவை நீக்கிவிட்டு, பறவைகளைத் தாக்கும் வேறொரு வைரஸின் உறையை அதற்கு அணிவிக்கிறார்கள். பாலூட்டிகளின் உயிரணுவில் அந்த உறைக்குரிய வாசல் இல்லாததால், மூளையில் விட்டாலும் அது எதற்குள்ளும் நுழையாது. நாம் வைக்கப்போகும் மனித உயிரணுக்களுக்கு மட்டும் முன்கூட்டியே இரண்டு பொருள்களைக் கொடுத்து வைக்கிறார்கள்: பறவை வைரஸுக்கான வாசல், நீக்கப்பட்ட உறைப்புரதம். இனி வைரஸ் அந்த மனித உயிரணுக்களுக்குள் மட்டுமே நுழையும். அங்கே உறைப்புரதத்தைப் பெற்று, அவற்றுக்குச் செய்தி அனுப்பும் எலி நரம்பணுக்களுக்கு ஒரே ஒரு தாவல் தாவும். அங்கே உறைப்புரதம் இல்லாததால் பயணம் முடிந்துவிடும். வைரஸோடு சிவப்பு ஒளிர்புரதத்தையும் அனுப்பினால், சிவப்பாக ஒளிரும் எலி நரம்பணு ஒவ்வொன்றும் 'நான் இந்தப் புதியவனோடு பேசுகிறேன்' என்று கையெழுத்திட்டதற்குச் சமம்.

2020இல் வெளியான ஓர் ஆய்வு இந்த முறையைப் பயன்படுத்தியது. அதை நடத்தியவர்களில் ஒருவரான சூ-சுன் ஜாங், நம் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியிலும் பணியாற்றியவர். பார்க்கின்சன் நோயில் அழிவது நடுமூளையில் உள்ள கரும்பொருள் பகுதியின் டோபமின் நரம்பணுக்கள். அவற்றின் ஆக்ஸான்கள் தொலைவில் உள்ள ஸ்டிரையேட்டம் என்னும் பகுதிக்குச் சென்று, உடலசைவைச் சீராக்கும் டோபமினை அங்கே வழங்குகின்றன. ஆய்வாளர்கள் மனிதக் குருத்தணுவிலிருந்து உருவாக்கிய டோபமின் முன்னோடிகளை, நோயுற்ற எலியின் கரும்பொருள் பகுதியிலேயே வைத்தார்கள். மாதங்கள் கடந்தபின், அவற்றின் ஆக்ஸான்கள் பழைய பாதையைத் தேடிப் பிடித்து ஸ்டிரையேட்டத்தை அடைந்திருந்தன. எலியின் நரம்பணுக்களும் அவற்றுக்குச் செய்தி அனுப்பின. அதே இடத்தில் வேறு வகை நரம்பணுக்களை வைத்தபோது அவை ஸ்டிரையேட்டத்தைத் தேடிப் போகவில்லை. உயிரணுவின் வகைதான் அதன் வழியை முடிவு செய்கிறது. எந்த நாற்று என்பதைப் பொறுத்தது வேர் போகும் திசை.

இணைந்தது வேலை செய்கிறதா?

வரைபடத்தில் கோடு இருந்தால் மட்டும் போதாது. ரயில் ஓட வேண்டும். நுண்ணிய கண்ணாடிக் குழாயின் முனையை ஒரே ஒரு நரம்பணுவின் மேல் பொருத்தி அதன் மின்துடிப்பை அளக்கலாம். இதைவிடத் தெளிவான சோதனை 2015இல் வந்தது. அமெரிக்க ஆய்வாளர்கள், ஒளி பட்டால் செயலை நிறுத்தும் புரதம் ஒன்றை டோபமின் நரம்பணுக்களுக்குள் முன்பே புகுத்தி, அவற்றைப் பார்க்கின்சன் எலிகளின் ஸ்டிரையேட்டத்தில் வைத்தார்கள். எலிகளின் அசைவு சீரானது. பிறகு மூளைக்குள் மெல்லிய ஒளியிழையால் வெளிச்சம் பாய்ச்சியதும் பழைய தடுமாற்றம் திரும்பியது. வெளிச்சத்தை நிறுத்தியதும் மீண்டும் சீரானது. முன்னேற்றத்துக்குக் காரணம் அந்த உயிரணுக்களின் துடிப்புதான் என்பதை இதைவிடச் சுருக்கமாக நிறுவ முடியாது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் மக்டலேனா கோட்ஸ் முதலானோர் 2016இல் வெளியிட்ட ஆய்வும் நினைவில் நிற்கிறது. எலி மூளையின் மேலடுக்கில் பார்வைக்குரிய பகுதியான பார்வைப் புறணியில், சேதமடைந்த இடத்தில் கரு நிலை நரம்பணுக்களை வைத்து, மண்டையோட்டில் பொருத்திய கண்ணாடிச் சன்னல் வழியே அதே உயிரணுக்களை வாரக்கணக்கில் பார்த்தார்கள். தொடக்கத்தில் அவை, எலிக்குக் காட்டிய கோடுகளுக்கெல்லாம் தெளிவின்றித் துடித்தன. காலம் செல்லச் செல்ல, ஒவ்வொன்றும் குறித்த சாய்வுள்ள கோட்டுக்கு மட்டும் துடிக்கக் கற்றுக்கொண்டது, அந்த இடத்தின் பழைய நரம்பணுக்களைப் போலவே.

மனித மூளையைச் சீவ முடியாது

உயிரோடிருக்கும் நோயாளியிடம் மேற்சொன்ன எதையும் செய்ய இயலாது. அங்கே நம்பியிருப்பது பெட் ஸ்கேன். உடலில் செலுத்திய கதிரியக்கக் குறிப்பொருள் எங்கே சேர்கிறது என்பதைக் காட்டும் படம் அது. இங்கே எடுக்கும் படம் டோபமின் உருவாகும் இடத்தைக் காட்டும், வைத்த உயிரணுவின் சினாப்ஸைக் காட்டாது.

சுவீடனின் லுண்ட் நகரில் 1987இல் கருத்திசுவைப் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். கரும்பொருளிலிருந்து ஸ்டிரையேட்டம் வரையிலான தொலைவு எலியில் சில மில்லிமீட்டர், மனிதரில் சில சென்டிமீட்டர் என்பதால், திசுவை டோபமின் தேவைப்படும் ஸ்டிரையேட்டத்திலேயே வைத்தார்கள். ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டுவதற்குப் பதிலாக வயலிலேயே கிணறு தோண்டியது போன்றது அது. டோபமின் ஓரளவு பரவலாகக் கசிந்தும் பயன் தருவதால், பார்க்கின்சன் நோயில் இந்தக் குறுக்குவழிக்கு இடமிருக்கிறது. பக்கவாதத்தில் இழந்த நரம்பணுவுக்கு அப்படிச் சலுகை இல்லை. அங்கே ஒவ்வோர் இணைப்பும் உரிய இடத்தில் வேண்டும். 'பார்க்கின்சனுக்கு முடிந்தால் பக்கவாதத்துக்கும் முடியும்' என்று சொல்வோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

அந்தக் காலத்துச் சிகிச்சை பெற்ற ஒருவரின் மூளையை மரணத்துக்குப் பின் ஆராய்ந்தபோது, வைத்த நரம்பணுக்கள் 24 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு பரந்து கிளைத்திருந்தன. இதை 2016இல் வெளியிட்டார்கள். அதே நோயாளி, பல ஆண்டுகள் நலமாக இருந்தபின், இறுதிக் காலத்தில் அந்தப் பயனை இழந்திருந்தார். நோய் மூளையின் பிற பகுதிகளுக்குப் பரவியிருந்தது. பிழைத்தல், இணைதல், பயன் ஆகியவை வேறு வேறு என்பதை அந்த ஒரு மூளையே சொல்கிறது. வேறு சில நோயாளிகளின் ஒட்டுத்திசுவுக்குள்ளேயே பார்க்கின்சன் நோயின் புரதக் கட்டிகள் தோன்றியிருப்பதை 2008இல் கண்டார்கள். 2001இலும் 2003இலும் வெளியான அமெரிக்க ஆய்வுகளில், சிலருக்கு மருந்தை நிறுத்தினாலும் ஓயாத கட்டுப்பாடற்ற அசைவுகள் ஏற்பட்டன. இணைப்பு நடந்தும் அது பிழையான அளவிலோ வகையிலோ அமைந்தால் துன்பமாகும்.

2025 ஏப்ரலில் இரண்டு சிறிய ஆய்வுகள் ஒரே நாளில் வெளியாயின. ஜப்பானின் கியோட்டோவில், யமனாக்கா கண்ட வழியில் மறுநிரலாக்கப்பட்ட குருத்தணுக்களிலிருந்து உருவாக்கிய டோபமின் முன்னோடிகளை ஏழு பேருக்கும், வட அமெரிக்காவில் கருக் குருத்தணுக்களிலிருந்து உருவாக்கியவற்றைப் பன்னிரண்டு பேருக்கும் வைத்தார்கள். கட்டி எதுவும் தோன்றவில்லை. பெட் ஸ்கேனில் டோபமின் உருவாக்கம் கூடியிருந்தது. சிலரின் அசைவும் மேம்பட்டது. ஆனால் அவை பாதுகாப்பை அறிய நடத்தப்பட்டவை; ஒப்பிடுவதற்கு, உயிரணு வைக்காமல் போலி அறுவை மட்டும் பெற்ற குழு அவற்றில் இல்லை. என் மனம் இந்த முடிவுகளில் மகிழ்கிறது. ஆயினும் 'மருந்து கிடைத்துவிட்டது' என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அந்தப் படத்துக்குத் திரும்புவோம்

பெரியவரிடம் இவ்வளவையும் சந்தையில் நின்று சொல்லவில்லை. காப்பிக் கடையில் உட்கார்ந்து, விளம்பரத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். தட்டில் வளர்ந்த உயிரணுக்களின் படம் அது. அதைச் சுற்றி மூளைத் திசுவே இல்லை. ஊசியைக் கையின் இரத்தக் குழாயில் போடுவதாகக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே நெருக்கமான தடுப்புச் சுவர் ஒன்று உண்டு என்பதையும், முறையான ஆய்வுகளில் அறுவை சிகிச்சை நிபுணர்கள் மண்டையோட்டில் துளையிட்டுக் குறித்த புள்ளியில்தான் உயிரணுவை இறக்குகிறார்கள் என்பதையும் சொன்னேன். நம் நாட்டில் 2021 மார்ச் 1 முதல் உயிரணு, திசு, மரபணுச் சிகிச்சைப் பொருள்களுக்கெனத் தனி விதிமுறை நடப்பில் இருக்கிறது. அதைச் சுகாதார அறிவியல் ஆணையம் நிர்வகிக்கிறது.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மனைவியின் மருந்து உறையைத் திருப்பிப் பேனாவால் மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டார். எந்த வகை உயிரணு? எந்த இடத்தில் வைப்பீர்கள்? அது இணைந்ததை எப்படிச் சோதிப்பீர்கள்? "வர்ற வியாழக்கிழமை டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் இருக்கு, இதைக் கேட்டுட்டு வர்றேன்மா" என்று சொல்லி, உறையைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார்.